வைரம் பாய்ந்த மரத்தை ஒட்டுதல்: மொட்டைமாடி பெஞ்சு செய்யப்போகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகச் செய்த பெஞ்சு ஒரே ஒரு ஐப்பசி மழையைத்தான் தாங்கியது. சென்னையில் பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய வேங்கை ஜன்னல் சட்டங்கள், தெருமுனைக் கடையில் வாங்கிய சாதாரண வெள்ளைப் பசை, சனி ஞாயிறு இரண்டு நாள் வேலை. மொட்டைமாடியில் போட்டுவிட்டு ஊரெல்லாம் படம் அனுப்பினேன். மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்த பிறகு மாமனார் போய் உட்கார்ந்தார். இரண்டு சட்டங்களை ஒட்டிச் செய்த கால் ஒன்று நீளவாக்கில் பிரிந்து, மனிதர் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தார். அடி ஒன்றும் இல்லை. கதை மட்டும் இன்னும் எல்லாக் கல்யாண வீட்டிலும் ஓடுகிறது.

பிரிந்த இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பசை முழுசாக, பால் ஆடை மாதிரி படிந்திருந்தது. நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது. எதிர்ப்பக்கம் துடைத்து வைத்ததுபோல் வழுவழுவென்று இருந்தது. ஒரு நார்கூடக் கிழியவில்லை. ஒட்டு சரியாகப் பிடித்திருந்தால் பிரியும்போது மரம் கிழிந்து, இரண்டு பக்கத்திலும் சிலும்பு தெரிய வேண்டும். பசை தோலாக உரிந்து வந்தால், அது மரத்துக்குள் இறங்கவே இல்லை என்று அர்த்தம். பசையே கொழகொழத்து வெள்ளையாகக் கரைந்திருந்தால் தண்ணீருக்கு ஆகாத பசை. என் காலில் முதல் குறையும் இருந்தது, இரண்டாவது குறையும் ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. இரண்டும் என் கைவேலைதான்.

அதற்கப்புறம் நாலு பெஞ்சு, ஒரு ஊஞ்சல் பலகை, ஒரு சின்ன மேசை செய்தாயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்தக் கம்பெனிப் பசை நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான விஷயங்கள் இரண்டு: ஒட்டும் முகம் எவ்வளவு புதுசாக இழைத்தது, பசை விட்டுப்போனாலும் நிற்கிற மாதிரி இணைப்பு இருக்கிறதா. மற்றதெல்லாம் பிறகு.

மரம் எது

வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற சாமானுக்கு நம் பக்கம் கிடைக்கும் மரங்கள் தேக்கு, வேங்கை, கோங்கு, கருமருது ஆகியவை. மரவாடிகளில் மலேசியன் சால் என்ற பெயரிலும் ஒரு கனத்த மரம் வருகிறது. கதவு நிலைக்கு நிறையப் போகிறது. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் செங்கால், பாலாவ் என்று சொன்னால் தெரியும்.

எவ்வளவு கனமான மரம் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டை அறுத்துச் சமையலறைத் தராசில் வையுங்கள். 160 கிராம் வாக்கில் காட்டினால் தேக்கு ரகம். 200 காட்டினால் வேங்கை ரகம். 225-ஐத் தாண்டினால் கோங்கு மாதிரி இரும்பு மரம். எண் ஏற ஏற ஒட்டுவது சிரமம். தேக்கு மட்டும் விதிவிலக்கு: கனம் குறைவுதான், ஆனால் உள்ளே எண்ணெய்ப் பசை இருப்பதால் அதுவும் அடம்பிடிக்கும்.

வைரம், அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதி, மட்டும் வாங்குங்கள். ஓரத்து வெளிறு மழைக்கு நிற்காது, பூச்சியும் முதலில் அங்கேதான் வரும். பழைய மரம் கிடைத்தால் விடாதீர்கள். ஐம்பது வருஷம் வீட்டுக்குள் இருந்து காய்ந்த மரம் இனிமேல் பெரிதாகத் திருகாது. ஆனால் அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உடைந்த ஆணி ஒன்று போதும், வாளின் பல் போய்விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேக்கு, ஈட்டி போன்றவற்றுக்கு வனத்துறை விதிகள் உண்டு.

ஏன் ஒட்ட மறுக்கிறது

மரம் என்பது கோடிக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு. பசை மேலோட்டமாக உள்ள சில குழாய்களுக்குள் இறங்கிக் கெட்டியாகி, வேர் விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். கனமான மரத்தில் குழாயின் சுவர் தடிப்பு, உள்ளே இடம் குறைவு. பசை இறங்க வழி இல்லை. இது ஒரு பிரச்சினை.

இரண்டாவது, மரத்துக்குள் இருக்கும் எண்ணெய், மெழுகு, பிசின். இவைதான் கரையானிடமிருந்தும் அழுகலிடமிருந்தும் மரத்தைக் காப்பாற்றுகின்றன. நாம் இந்த மரத்தைத் தேடி வாங்குவதே அதற்காகத்தான். இழைத்து வைத்த முகத்தில் இவை நாளாக ஆக மேலே ஏறிவந்து படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, பசைக்குத் தெரியும்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. கனமான மரம் ஈரத்தில் உப்பும்போதும் வெயிலில் சுருங்கும்போதும் காட்டும் பலம் அதிகம். லேசான மரமாக இருந்தால் ஒட்டு அதை அடக்கி வைத்துவிடும். கோங்கை அடக்க முடியாது, ஒட்டைத்தான் பிய்க்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

ஒட்டலாமா என்று மரத்தையே கேட்கலாம். ஒட்டப்போகிற முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேம்பு இலையில் நிற்பதுபோல் உருண்டையாக நின்றால் பசையும் அப்படித்தான் நிற்கும். அரை நிமிஷத்தில் பரந்து உள்ளே இறங்கினால் சரி. நான் இதை முதலில் செய்து பார்த்தது மூன்று வாரம் முன்பு இழைத்து வைத்திருந்த ஒரு தேக்குத் துண்டில். சொட்டு பாதரசம் மாதிரி உருண்டு நின்றது. அதே துண்டில் பாதியை மட்டும் இழைப்புளியால் இரண்டு சீவு சீவினேன். அந்தப் பக்கம் விட்ட சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.

காய்ச்சல் போதுமா

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமானி இருந்தால் 12 முதல் 14 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். ஒட்டப்போகிற இரண்டு துண்டுக்கும் நடுவே 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஈரமானி இல்லையென்றால் தராசு போதும். துண்டின் மேல் எடையைப் பென்சிலால் எழுதி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால் மரம் ஊரோடு ஒத்துப்போய்விட்டது. வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் முனை வெடிக்கும்.

பசை

வெள்ளைப் பசையில் தண்ணீரைத் தாங்கும் திறனுக்கு ஐரோப்பியத் தரத்தில் டி1 முதல் டி4 வரை வகை உண்டு. வெளியில் கிடக்கும் சாமானுக்கு டி4 வேண்டும். கூரைக்கு அடியில் திண்ணையில் கிடப்பதற்கு டி3 போதும். நம் கடைகளில் ஃபெவிகால் என்றாலே பொதுவாக எஸ்.எச். டப்பாவைத்தான் எடுத்துத் தருவார்கள், அது வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு. தண்ணீர் படும் இடத்துக்கு மரைன் என்று கேட்டு வாங்க வேண்டும். தேக்கிலும் வேங்கையிலும் இணைப்பு துல்லியமாக இருந்து, அழுத்தமும் போதுமானால் இந்த வகை ஒழுங்காகவே பிடிக்கும்.

பாலியூரித்தேன் பசை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகும் ரகம். ஒரு முகத்தை ஈரத் துணியால் லேசாகத் துடைத்துவிட்டு மறுமுகத்தில் தடவ வேண்டும். நுரைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நுரை இடைவெளியை அடைத்துவிட்டதுபோல் தெரிந்தாலும் அதில் பலம் கிடையாது. கையில் பட்டால் ஒரு வாரத்துக்குக் கறுப்பாக இருக்கும். எண்ணெய் மரத்தில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும்.

எபாக்சி என்பது இரண்டு டப்பா ரகம்: ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் கடினமாக்கி, இரண்டையும் கலந்து பூச வேண்டும்; நம் ஊரில் அரால்டைட் என்றால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், காரணத்தை அழுத்தம் பற்றிப் பேசும்போது பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்காதீர்கள், அதற்குத் தண்ணீரைத் தாங்கும் சக்தி குறைவு. மெதுவாக இறுகும் வகைதான் வேண்டும்.

எபாக்சிக்கும் ஒரு குறை உண்டு. வீட்டுச் சூட்டில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். சித்திரை மாத மொட்டைமாடியில் கருத்த மரத்தின் மேல் நண்பகலில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூடு எங்கே இருக்கிறது என்று தெரியும். வெள்ளைப் பசையும் சூட்டில் இளகுவதுதான். வெயில் நேராகப் பட்டால் எபாக்சி மஞ்சளாகிச் சுண்ணாம்பு மாதிரி உதிரவும் செய்யும். இணைப்புக்குள் மறைந்திருக்கும் வரை வெயில் பிரச்சினை இல்லை. சூட்டுக்கு ஒரே பதில் இணைப்பின் அமைப்புதான்.

ரிசார்சினால் என்று ஒரு பசை உண்டு, படகு கட்டுகிறவர்கள் மதிக்கிற பசை. சூடு, தண்ணீர் எதற்கும் அசையாது. கடைகளில் எளிதில் கிடைக்காது. இணைப்பில் கருஞ்சிவப்புக் கோடு விழும். இணைப்பும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். முதல் பெஞ்சுக்கு வேண்டாம்.

எதை ஒட்டுவது, எதை ஒட்டக்கூடாது

நாலடி நீளப் பெஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஒன்றரை அங்குலச் சட்டங்களை முகத்தோடு முகம் ஒட்டிய 3 அங்குலக் கால்கள் நான்கு. கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நீளச் சட்டங்கள். மேலே உட்கார ஐந்து ரீப்பர், அதாவது அகலம் குறைந்த நீளப் பலகைகள்.

கால்களை ஒட்டலாம். இரண்டு துண்டும் ஒரே மரம், இழை ஓட்டமும் ஒரே திசை, அதனால் இரண்டும் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும். வேங்கையையும் தேக்கையும் அழகுக்காக மாற்றி மாற்றி ஒட்டும் ஆசையை வீட்டுக்குள் இருக்கும் சாமானோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களும் சட்டங்களும் சேரும் இடத்தில் ஒன்றில் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் கழுந்து. இதையும் ஒட்டலாம், ஆனால் ஒட்டை மட்டும் நம்பக்கூடாது. ஒட்டிய மறுநாள் குறுக்கே 8 மி.மீ. துளை போட்டு ஒரு மூங்கில் ஆணியை அடித்துவிடுங்கள். நன்றாக முற்றிய மூங்கிலின் வெளிப்புறத் தோல் பக்கம்தான் ஆணிக்கு ஏற்றது. பசை வெயிலில் இளகினாலும் ஆணி பிடித்துக்கொண்டிருக்கும். நம் பழைய கதவுகளில் பசை ஏது? கழுந்தும் மர ஆணியும்தான் நூறு வருஷம் நின்றன.

மேலே வரும் ரீப்பர்களை ஒட்டாதீர்கள். ஐந்தையும் பக்கவாட்டில் ஒட்டி ஒரே அகலப் பலகையாக்கவும் வேண்டாம். மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் மாறும். 12 அங்குலப் பலகை 3 மி.மீ. விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவே இருக்காது. அகலத்தில் அசையும் பலகையை அசையாத சட்டத்தோடு குறுக்கே ஒட்டினால் இரண்டில் ஒன்று பிளக்கும். ரீப்பர்களுக்கு நடுவே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு, ஒவ்வொன்றையும் திருகால் பிடியுங்கள். தண்ணீரும் வடியும்.

திருகு எவர்சில்வரில் இருக்கட்டும்: 304 ரகம், கடற்கரைக்குப் பக்கம் என்றால் 316. இரும்புத் திருகு போட்டால் மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கறை வழியும். முதலில் துளை போடாமல் வேங்கையில் திருகு ஏற்றினால் திருகின் தலை முறிந்து கையோடு வரும். துளை போட்டு, திருகின் மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள். சோப்பு ஈரம் இழுக்கும், வேண்டாம்.

முதலில் ஒரு கழிவுத் துண்டு

நல்ல மரத்தில் கைவைப்பதற்கு முன், அறுத்த மிச்சத் துண்டுகள் இரண்டை அதே பசையால் ஒட்டுங்கள். ஒரு வாரம் விடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள், ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். பிறகு ஒட்டின் மேல் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) ஒரு போடு. மரம் கிழிந்தால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம். பசை தோலாக உரிந்தால் முகம் தயார் செய்ததில் குறை. மரைன் ப்ளைவுட்டுக்கு இருக்கும் ஐ.எஸ். 710 தரத்தில் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். அதோடு பார்த்தால் நம் சோதனை விளையாட்டு. ஆனாலும் என் முதல் பெஞ்சு இதில் முதல் சுற்றிலேயே தோற்றிருக்கும்.

ஒட்டும் நாள்

ஒட்டுவதையும் இழைப்பதையும் ஒரே நாளில் வையுங்கள். காலையில் இழைத்து மாலையில் ஒட்டினால் பரவாயில்லை; போன ஞாயிறு இழைத்ததை இந்த ஞாயிறு ஒட்டக்கூடாது. இழைப்புளியின் தகடு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய தகடு மரத்தைச் சீவாமல் நசுக்கி மெருகேற்றிவிடும். தொட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும், நமக்குப் பெருமையாகவும் இருக்கும், பசை மட்டும் இறங்காது. தேக்கில் மணல் சத்து இருப்பதால் தகடு சீக்கிரம் மழுங்கும். நாலைந்து சீவலுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மில்லில் கொடுத்து இழைத்து வாங்கினாலும் வீட்டுக்கு வந்து ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிடுங்கள்.

எபாக்சி என்றால் 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் இழை ஓட்டத்தோடு லேசாகக் கீறிவிடுங்கள். தூசியைத் துடைப்பத்தாலோ பிரஷாலோ தட்டிவிடுங்கள். பிறகு அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடையுங்கள். வேங்கையில் துணி காவியாகிக்கொண்டேதான் இருக்கும். வெள்ளையாக வரும் வரை துடைக்கிறேன் என்று உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு துடைப்பு, புதுத் துணியால் இன்னொன்று, போதும். அசிட்டோன் ஆவியான கையோடு, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் பசை ஏற வேண்டும். தாமதித்தால் எண்ணெய் திரும்ப மேலே வரும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பெயிண்டுக் கடைத் தின்னரும் வேறு சரக்கு. அசிட்டோன் குபீரென்று பற்றிக்கொள்ளும். பக்கத்தில் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

ஒட்டுவதற்கு முன் பசை இல்லாமல் ஒருமுறை முழுசாகப் பொருத்திப் பாருங்கள். கிளாம்ப் (துண்டுகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் கருவி), கட்டை, சுத்தியல், துணி எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எந்தத் துண்டு எங்கே என்று சாக்பீஸால் எண் போட்டுக்கொள்ளுங்கள். பசையைத் தடவிவிட்டு மூலைமட்டம் தேடி வீடெல்லாம் ஓடிய அனுபவம் எனக்கு உண்டு.

நேரமும் முக்கியம். வெயில் தாழும் சமயத்தில், மரம் சூடு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒட்டுங்கள். சூடேறும்போது மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து குமிழியாகப் பசையைத் தள்ளும்; சூடு இறங்கும்போது பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் மார்கழிப் பனியில் திறந்த மாடியில் எபாக்சி வேலை வேண்டாம். ஈரக் காற்று பட்டால் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். வந்துவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, அதன் பிறகே அடுத்த வேலை.

எபாக்சியைக் கலப்பதில் ஒரு பாடம் கற்றேன். டப்பா எதற்கு என்று ஒரு கொட்டாங்கச்சியில் நிறையக் கலந்தேன். வைகாசி மாதம், பிற்பகல். பாதி தடவுவதற்குள் கொட்டாங்கச்சி கையைச் சுட்டது, லேசாகப் புகையும் வந்தது, மிச்சம் கல்லாகிவிட்டது. எபாக்சி இறுகும்போது சூடு கிளப்பும், குவியலாக இருந்தால் அந்தச் சூடே இன்னும் வேகமாக இறுக வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைக் கண்மதிப்பில் விடாமல் அளந்து கலக்குங்கள். ஓரத்தை வழித்து வழித்து இரண்டு மூன்று நிமிஷம் கிளறுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால் கடைசிவரை ரப்பர் மாதிரியே நிற்கும். கையுறை கட்டாயம், எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் விடாது.

முதலில் இரண்டு முகத்திலும் தேன் பதத்தில் மெல்லிதாகத் தடவி, ஐந்து நிமிஷம் விடுங்கள். மரம் குடிக்கிற அளவு குடிக்கட்டும். அப்புறம் மிச்ச எபாக்சியில் சலித்த மரத்தூளைக் கலந்து கெட்டிச் சட்னிப் பதத்துக்குக் கொண்டுவந்து ஒரு முகத்தில் பூசிச் சேருங்கள். வெள்ளைப் பசைக்கு இந்த இரட்டை வேலை இல்லை. இரண்டு முகத்திலும் தடவி, மொத்தம் சதுர அடிக்கு 20 கிராம் அளவுக்கு இருந்தால் சரி. சீக்கிரம் சேர்த்துவிடுங்கள், மேல்தோல் காயவிடக் கூடாது.

எவ்வளவு இறுக்குவது

நான் எபாக்சியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வெள்ளைப் பசைக்குக் கனமான மரத்தில் சதுர அங்குலத்துக்கு 175 முதல் 250 பவுண்டு அழுத்தம் கேட்கிறார்கள். நம் பெஞ்சுக் காலின் ஒட்டு முகம் 17 அங்குல நீளம், 3 அங்குல அகலம். 51 சதுர அங்குலம். 200 பவுண்டு வீதம் 10,200 பவுண்டு, அதாவது நாலரை டன்னுக்கு மேல். கையால் முறுக்கும் நல்ல கிளாம்ப் ஒன்று அரை டன் தந்தாலே பெரிது. ஒரு காலுக்கு ஒன்பது கிளாம்ப்! நான் முதல் தடவை ஒரு காலுக்கு இரண்டு சி-கிளாம்பும், மேலே ஒரு அம்மிக்கல்லும் வைத்தேன்.

எபாக்சிக்கு இந்த அழுத்தம் வேண்டியதில்லை. இரண்டு முகமும் தொட்டுக்கொண்டு, ஓரமெல்லாம் சன்னமாகப் பசை பிதுங்கினால் போதும். மிஞ்சி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து உள்ளே ஒன்றும் இருக்காது. கிளாம்ப் இல்லாதவர்கள் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கலாம். இரண்டு ஆப்புகளை எதிரெதிராகத் தட்டியும் இறுக்கலாம். எந்த வகையானாலும் கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே கட்டையும், பிளாஸ்டிக் தாளும் வையுங்கள். இல்லையென்றால் கிளாம்பும் பெஞ்சின் ஒரு பாகமாகிவிடும்.

சேர்த்தவுடன் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பசை வழுக்குவதால் துண்டுகள் நகர்ந்திருக்கும், அப்போதே தட்டிச் சரிசெய்ய வேண்டும். பிதுங்கிய பசையை ஈரத் துணியால் இழுத்துத் துடைத்தால் வேங்கையின் பெரிய துளைகளில் பரவி, பிறகு எண்ணெய் பூசும்போது திட்டுத்திட்டாகத் தெரியும். வெல்லப்பாகு இறுகும் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுங்கள்.

24 மணி நேரம் கிளாம்பைத் தொடாதீர்கள். எபாக்சி முழுப் பலம் பெற ஒரு வாரம் ஆகும். அதுவரை யாரையும் உட்காரவிடாதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். தேக்குத் தூளும் வேங்கைத் தூளும் சிலருக்குத் தும்மலும் அரிப்பும் தரும்.

காலின் அடி

மெருகு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய் அல்லது வெளிப்புற வார்னிஷ். ஒரு துளி எண்ணெய் ஒட்டு முகத்தில் பட்டாலும் திரும்ப இழைக்க வேண்டும். எண்ணெய் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் பூசுங்கள். பூசாவிட்டாலும் மரம் வெள்ளி நரை தட்டுமே தவிர கெடாது.

காலின் அடிப்பகுதியை மட்டும் விடாதீர்கள். பெஞ்சு முதலில் கெடும் இடம் அதுதான். வெட்டு முகத்தில் குழாய்களின் வாய் திறந்திருப்பதால், மாடியில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சு குழல் போட்டதுபோல் இழுத்துக்கொள்ளும். பசையும் அங்கேதான் முதலில் விடும். ஒரு பழைய சாசரில் கொஞ்சம் எபாக்சி ஊற்றி, ஒவ்வொரு காலையும் பத்து நிமிஷம் அதில் நிற்க வையுங்கள். எடுத்து, தலைகீழாக வைத்து, மறுநாள் இன்னொரு பூச்சு. காய்ந்ததும் அடியில் ஒரு ரப்பர்த் துண்டு.

முதல் பெருமழை முடிந்த மறுநாள் பெஞ்சைக் கவிழ்த்துப் பாருங்கள். எந்த இணைப்பு ஓரத்தில் மட்டும் ஈரம் காயாமல் கருங்கோடாக நிற்கிறதோ, அங்கே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நன்றாகக் காயவிட்டு, ஊசி போட்டு மெல்லிய எபாக்சியை அந்த இடுக்கில் இறக்கிவிடலாம். போன வருஷம் எங்கள் பெஞ்சில் அப்படி ஒரே ஒரு இடம் இருந்தது. மாமனார் அங்கே உட்கார மாட்டேன் என்று இன்னும் மறுபக்கத்து ஓரமாகத்தான் உட்காருகிறார்.